பதினாறு அங்குல ரிம்

அம்மாவின் முதுகெலும்பில் புற்றுநோய் கண்ட வருடம்தான் எங்கள் காரின் நான்கு டயர்களும் தேய்ந்து போத்தாக் ஆயின. போத்தாக் என்றால் மலாயில் மொட்டை. எங்களூரில் தலைக்கும் டயருக்கும் அதே சொல்தான். எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு முதுகுவலி என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். முதுகுவலி யாருக்குத்தான் இல்லை?

பழைய அளவிலேயே போட்டுவிடலாம் என்றார் அப்பா. சித்தப்பா விடவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது அவர் காருக்காகவே சொன்னது. தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். பதினாறு அங்குல ஸ்போர்ட் ரிம், அதன்மேல் மெல்லிய டயர் போட்டால் கார் எப்படி இருக்கும் என்று கைப்பேசியில் எனக்குப் படம் காட்டினார். அதுதான் வேண்டும் என்று அன்றிரவு நான் சாப்பிட மறுத்துவிட்டேன்.

"ரிம் பெருசானா ரப்பர் மெலிஞ்சிரும். ரோட்டு ஆட்டமெல்லாம் அவ முதுகுலதான் வந்து எறங்கும்," என்றார் அப்பா. எனக்கு அது கஞ்சத்தனத்துக்குச் சொல்லும் சாக்காகப் பட்டது.

அம்மாதான் வழக்கை முடித்துவைத்தார். "புள்ள ஆசப்படுது, போடுங்க லா. நான் தலகாணி வச்சிக்கிறேன்."

தெங்கேராவில் ஒரு கடையில் மாட்டிக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் நான்கு சக்கரங்களுக்கும் நான்தான் எலுமிச்சம்பழம் வைத்தேன். குனிய முடியாத அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இடம் காட்டினார். மறுநாள் தமிழ்ப்பள்ளி வாசலில் காரைவிட்டு இறங்க எனக்கு வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்தது. நாலு பேர் பார்க்க வேண்டாமா?

புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்குள் ஏழு வேகத்தடைகள். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் அம்மா ஒவ்வொன்றுக்கும் ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பற்றி இருக்கையைவிட்டு எழும்பிக்கொள்வார். நான் பின்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று உற்சாகமாக எண்ணுவேன்.

"காரு அழகா இருக்குல்லம்மா?"

"சூப்பரா இருக்குடா," என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருநாள் வீடு வந்து சேர்ந்தபின் அம்மாவால் இறங்க முடியவில்லை. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் சித்தப்பாவிடம்கூடச் சொல்லாமல், பதின்மூன்று அங்குல ரிம்மும் தடித்த டயருமாக வந்து நின்றார். பழைய அளவைவிடவும் சின்னது. கார் கால் வீங்கியவரைப்போல இருந்தது. என் மானமே போயிற்று. இனி இந்தக் காரில் ஏற மாட்டேன் என்று கத்தினேன். பள்ளிக்கு வேனில் போனேன். மருத்துவமனை நாட்களில் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் இருந்துகொண்டேன்.

"வா லா, பெரிய மனுசி. வரும்போது ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிடலாம்," என்று காருக்குள்ளிருந்து கூப்பிடுவார் அம்மா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆண்ட்டி வீட்டுக்குள் போய்விடுவேன். மூன்று முறை அப்படிச் செய்தேன். நான்காவது முறை அம்மாவை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் அவர் உடல்தான் வீட்டுக்கு வந்தது.

தடித்த டயரில் போன நாட்களில் அம்மா வழியெல்லாம் கொஞ்சமாவது தூங்கினார் என்று பல வருடம் கழித்து அப்பா சொன்னார். இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் அம்மா, "கொஞ்சம் நில்லுங்க, புள்ள மனசு மாறி வந்துரும்," என்று காரை நிறுத்திவைக்கச் சொல்வாராம்.

கார் நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. கிளம்பாமல் அது வாசலிலேயே நிற்பதை ஆண்ட்டி வீட்டு ஜன்னல் வழியே பார்த்து, அப்பா என்னிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.