படகுப் பாட்டின் மறுபாதி

வளைகுடாவில், இந்த மங்காஃபில் ஜூலை மாதம் ஏ.சி.யை நிறுத்துகிற பைத்தியக்காரி யாராவது உண்டா? உண்டு, நான்தான். சமையலறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் பாடுவேன். இல்லாவிட்டால் இரைச்சல் பதிவாகிவிடும். பாட்டு முடிவதற்குள் நைட்டி நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். நாள் முழுக்கச் சமையலுக்கும் துணிக்கும் மகளின் ஹோம்வொர்க்குக்கும் போகிற வாயிலிருந்து எனக்கென்று வருவது அந்த நாலு நிமிஷம் மட்டும்தான்.

போனில் ஒரு கரோக்கி ஆப். ஜோடிப் பாட்டில் பெண் குரலை நான் பாடி, ஆண் குரலுக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். எங்கேயோ இருக்கிற யாராவது வந்து மறுபாதியைப் பாடிச் சேர்ப்பார்கள். பலர் வந்தார்கள், கத்தினார்கள், போனார்கள். ஒருவர் மட்டும் நிலைத்தார்.

அவர் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. பக்கத்து நாட்டில், யான்புவில் ஏதோ எண்ணெய் ஆலையில் சாரம் கட்டுகிற வேலை என்று ஒருமுறை எழுதியிருந்தார். எட்டுப் பேர் படுக்கிற ரூமில் பாட முடியாதென்று கேம்ப் குளியலறையில் நின்று பாடுவார். பாட்டின் நடுவே யாராவது கதவைத் தட்டி, "பாய், ஜல்தி!" என்று கத்துவதும் பதிவாகும். மனிதர் நிறுத்த மாட்டார். அந்தத் தட்டலையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு பாடி முடிப்பார். அப்புறம் கீழே ஒரு வரி வரும். "அக்கா, அடுத்த தடவ சுருதியக் கொஞ்சம் எறக்குங்க. தொண்டை கிழியுது."

எனக்குப் பிடித்த பாட்டை நான் போடுவேன், அவருக்குப் பிடித்ததை அவர் கேட்பார். அவர் கேட்பதெல்லாம் கோயில் திருவிழாவில் ரேடியோ செட் கட்டிப் போடுகிற பாட்டுகள். முதலில் முகம் சுளித்தேன், பிறகு பாத்திரம் தேய்க்கும்போது அதைத்தான் முணுமுணுத்தேன். இரண்டு வருஷத்தில் நாற்பது பாட்டுக்கு மேல் ஆகிவிட்டது. முதலாவது, படத்தில் படகில் உட்கார்ந்து பாடுகிற ஒரு பழைய ஜோடிப் பாட்டு. எங்களுக்கு அது படகுப் பாட்டு. பாட்டைத் தவிர வேறெதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை அந்தப் படகுப் பாட்டைத் தங்கைக்கு அனுப்பப் போனேன். கை தவறி என் கணவர் வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்துவிட்டது. காலை வணக்கமும் சாமி படமும் தவிர வேறெதற்கும் யாரும் வாய் திறக்காத குழு. அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் காது முளைத்துவிட்டது. ஊரிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "நல்லாத்தான் பாடுற. ஆமா, கூடப் பாடுறது யாரு? நம்ம தம்பி குரல் மாதிரி தெரியலையே?" தேன் தடவின குரல்.

ஆபீஸிலிருந்து வந்த கணவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"யாருடி அவன்?"

"தெரியாதுங்க."

"தெரியாதவன்கூடவா ஜோடிப் பாட்டு?"

"தெரிஞ்சவன்கூடப் பாடியிருந்தா மட்டும் சும்மா விட்டிருப்பீங்களா?"

யார் கேட்கிறார் பாருங்கள்! போன பொங்கலுக்குத் தமிழ்ச் சங்க மேடையில் நண்பரின் மனைவியோடு காதல் பாட்டு பாடிச் சால்வை வாங்கினவர். சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேனே, நான் கேட்டேனா யாருங்க அவள் என்று? கோட்டுப் போட்டு மேடையில் பாடினால் கலை, நைட்டியோடு சமையலறையில் பாடினால் மானக்கேடு. என்ன நியாயமோ இது!

"எல்லாத்தையும் அழி. இப்பவே. நான் பாக்க" என்றார்.

அழித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஒவ்வொரு பாட்டாக அழித்தேன். மகள் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் நான் இருப்பதே அவர் விசாவில்தான். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லத் தேவையில்லாமலே அது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் பாட்டுதானே, போகட்டும், மறுபடி பாடிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. காலையில் தோசை வார்த்துக்கொண்டே போனைப் பார்த்தேன். யான்புக்காரர் எழுதியிருந்தார்.

"அக்கா, பாட்டையெல்லாம் காணோம். என் பக்கமும் இல்ல. நான் ஏதும் தப்பாப் பாடிட்டனா? ஊர்ல பாப்பா படகுப் பாட்டப் போட்டாத்தான் தூங்குவா. நேத்து ராத்திரியெல்லாம் ஒரே அழுகையாம். நான் இங்க வந்தப்புறம் பொறந்த புள்ளக்கா. நேர்ல இன்னும் பாக்கல."

தோசை கருகியது. என் பக்கத்தில் அழித்தால் அவர் பக்கமும் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. என் பாட்டை மட்டும்தான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு வருஷம் அவர் பாடியதையும் சேர்த்தல்லவா தொலைத்திருக்கிறேன்? ஒரு தப்பும் செய்யாத மனுஷன், "தப்பாப் பாடிட்டனா" என்று என்னைக் கேட்கிறான். அந்த ஒரு வார்த்தை என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

போனைக் கொண்டுபோய் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"எவனோ புள்ள தூங்கலேன்னா நமக்கென்ன? போன்ல தாலாட்டுக்கா பஞ்சம்? கலாஸ், முடிஞ்சு போச்சு, விடு."

விடுவதா? நேற்று முழுக்க விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. "நேத்து நான் அழிச்சது உங்களுக்குப் பயந்து இல்ல, சண்டை வேண்டாம்னுதான். அது என் மடத்தனம். ஒரு புள்ளயோட தூக்கத்தப் பறிச்சுட்டு இங்க உக்காந்து டீ குடிக்கிறோமே, நல்லாயிருக்கா? உங்களுக்கே நல்லாயிருக்கா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மகள் கதவோரம் வந்து நின்றாள்.

ஹாலில் ஏ.சி. ரிமோட்டை எடுத்து அமுக்கினேன்.

"ஏன் நிறுத்துற?"

"பாடப்போறேன். வேர்த்தா வெளிய போங்க."

சமையலறைக்குப் போகவில்லை, கதவையும் சாத்தவில்லை. ஹால் நடுவில், அவர் எதிரில் நின்று படகுப் பாட்டின் என் பாதியை முழுசாகப் பாடினேன். சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொண்டேன். கோபத்தில் சரணத்தில் ஒரு இடம் பிசிறியது. பரவாயில்லை. அவர் எழுந்து போகவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாடியதை ஆப்பில் ஏற்றினேன். அப்புறம் அவர் வீட்டு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து அதிலும் போட்டேன். இந்தத் தடவை கை தவறவில்லை. கீழே எழுதினேன்: "ஆண் குரலுக்கு இடம் காலி. நம்ம வீட்ல யாராவது பாடுறதுன்னா தாராளமாப் பாடலாம். இல்லேன்னா பாடறதுக்கு ஆள் இருக்கு, பெயர் தெரியாது."

நாத்தனார் உட்பட எல்லோரும் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபாதி வந்து சேர்ந்தது. சத்தத்தைக் கூட்டி, ஹாலிலேயே வைத்துக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் யாரோ கதவைத் தட்டி, "பாய், ஜல்தி!" என்றான். அவர் நிறுத்தவில்லை. கீழே ஒரு வரி இருந்தது.

"வீட்டுக்கு அனுப்பிட்டேன் அக்கா. இத மட்டும் அழிச்சிராதீங்க."