பூனைக்கும் புரட்டாசி

நல்லெண்ணெயில் பூண்டு சிவக்கும் வாசனை எந்த வீட்டு ஜன்னலிலிருந்து வந்தாலும் என் கால்கள் நின்றுவிடும். நாவில் நீர் ஊறுவதற்கு முன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: சட்டியை மூடினார்களா?

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலில், புரட்டாசி பிறந்தால் மீன்காரர் எங்கள் தெருவில் ஹாரன் அடிப்பதில்லை. நானும் மனைவியும் மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டோம். இதை எங்கள் பூனைக்கு யாரும் சொல்லவில்லை. மத்தித் தலைக்குப் பழகிய நாக்கு, தட்டிலோ தயிர்சோறு. முகரும், எங்களைப் பார்க்கும், போய்விடும். பசித்தால் தின்னும் என்றேன். பசித்தது. ஒரு மதியம், மூடாமல் விட்ட பூண்டுக் குழம்பில் தலையை விட்டது.

மனைவியின் குரல் கேட்டு ஓடினேன். சட்டியில் ஒரு பக்கம் பூண்டும் சின்ன வெங்காயமும் காலி. மீசையெல்லாம் எண்ணெயோடு பூனை நிதானமாக முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவிக்கு வரவில்லை. இரண்டுமே பூனைக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தாள்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “உப்புத் தண்ணி கரைச்சு ஊத்து அண்ணாத்த, கக்கிடும்.”

நான் கரைத்தும்விட்டேன். அதற்குள் மனைவி செங்கல்பட்டுக் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டிருந்தாள். உப்புத் தண்ணீரே ஆபத்து, வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மிச்சக் குழம்போடு உடனே வாருங்கள் என்றாராம் அந்த அம்மா. டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

ஆட்டோவில் அவள் மடியில் துண்டு போர்த்திய கூடை, என் மடியில் குழம்பு டப்பா. வழியெல்லாம் பூனை கத்தியது. கத்தும்வரை உயிர் இருக்கிறது என்று அந்தக் கத்தலையே பிடித்துக்கொண்டு போனேன்.

என்ன, எவ்வளவு, எப்போது. மருத்துவர் கேட்டது அவ்வளவுதான். டப்பாவைத் திறந்து பார்த்தார், ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பூண்டு பல் பல்லாக வெளியே வந்தது.

“அண்ணி கைப்பக்குவம் அப்டியே கீது” என்றார் ஆட்டோக்காரர். மருத்துவர் மட்டும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: இன்று நன்றாக இருப்பதை நம்பக் கூடாது. ரத்தம் கெடுவது சில நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ அந்த நிமிடமே கொண்டுவர வேண்டும். கெடாவிட்டாலும் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். தயிர்சோற்றில் பூனை உடம்பு நிற்காது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

ஓரிடத்தில் உட்காராத நான் அந்த நாட்களில் பூனை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அதன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். இளஞ்சிவப்பு. விடியலின் சிவப்பைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். எந்தச் சிவப்பையும் இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. மணல் தட்டைக் கிளறிச் சிறுநீரின் நிறம் பார்த்த பிறகுதான் காபி.

பரிசோதனையில் ரத்தம் நன்றாக இருந்தது. மனைவி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

வீட்டு வாசலில் கூடையை இறக்கினோம். ஆட்டோக்காரர் வண்டியை அணைக்கவில்லை.

“நாளைக்கு மாமல்லபுரம் சவாரி கீது அண்ணி. திரும்பி வரசொல்ல இதுக்கு மட்டும் மத்தி வாங்கியாரவா? புரட்டாசின்னு பாக்குறீங்களா?”

மனைவி சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“வாங்கியா தம்பி. மொட்டமாடில அடுப்பு வெச்சு, வெறும் தண்ணில வேகவெச்சுக்கறேன். உப்புகூட போடமாட்டேன்.”