பெரிய கொம்பு

அண்ணனை நினைத்தால் முதலில் வருவது அவருடைய கட்டைவிரல். கடலிலிருந்து திரும்பும்போது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, மேற்கே தெரியும் இரட்டைக் குன்றை அந்த விரலால் அளப்பார். குன்றின் உயரமான தெற்கு உச்சிக்குப் பெரிய கொம்பு என்று பெயர்; வடக்கே இருப்பது சின்ன கொம்பு. பெரிய கொம்பு எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வந்தால் படகை நேராக விடலாம். அங்கே சின்ன கொம்பு வந்தால் வழியில் மணல்மேடு இருக்கிறது, வாடைக் காற்றில் அலை எழும்பிப் படகைப் புரட்டிவிடும். பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். படகில் ஜிபிஎஸ் இருந்தது. மீனைத் தேடத்தான் அது, வீட்டுக்கு வர எதற்கு என்பார்.

நான் பொன்னேரியில் புவியியல் ஆசிரியை. அண்ணனுக்கு அது பெரிய கேலி. "மலை எப்டி வந்துச்சினு நீ சொல்ற, எங்க இருக்குனு எனக்குத்தான் தெரியும்" என்பார். இமயமலை இன்னும் வளர்கிறது, நம் கிழக்குத் தொடர்ச்சி மலை அதைவிட எவ்வளவோ மூத்தது, சுற்றியிருந்த மெத்தென்ற பாறையெல்லாம் கரைந்துபோகக் கெட்டியானது மட்டும் இப்படித் தனிக் குன்றாக எஞ்சி நிற்கிறது என்று அவரிடம் அளந்திருக்கிறேன். "அப்ப நம்ம கொம்பு இன்னும் ரொம்ப நாளு நிக்கும்" என்று சிரித்தார். நிற்கும் என்றுதான் நானும் சொன்னேன்.

போன மாசியில் பிள்ளைகளை அந்தக் குன்றுக்கே பேருந்தில் அழைத்துப் போனேன். பெரிய கொம்பு இல்லை. கல்குவாரிக்காரர்கள் வெடிவைத்து அந்தப் பக்கத்தையே தட்டையாக்கியிருந்தார்கள். வெட்டிய சுவரில் பாறையின் உட்புறம் பளிச்சென்று தெரிந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அவ்வளவு தெளிவான படம் கிடையாது. ஒரு மணி நேரம் விளக்கினேன், பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொண்டார்கள். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை தொடங்கி மேற்கே ஒரே புழுதி மூட்டம், கடலிலிருந்து குன்று தெரியாது. மழை கழுவிவிட்ட பிறகுதான் தெரியும்; அதுவரை வாடையும் இல்லை, மணல்மேட்டுக்குப் பயமும் இல்லை. கார்த்திகையில் அப்படி வெளுத்த முதல் காலை, அடியில் பனி, மேலே ஒரே ஓர் உச்சி. பனி இருந்தால் எப்போதும் உயரமானதுதான் தலைகாட்டும், சின்னது மூழ்கிக் கிடக்கும். "பெரிய கொம்பு தெரியுது, நேரா வுடு" என்று அண்ணன் சொன்னதாக, கூடப் போய் நீந்திக் கரையேறிய பங்காளி சொன்னார். அண்ணன் மூன்றாம் நாள்தான் கரை ஒதுங்கினார்.

அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அண்ணியும் நம்பினார். காரியம் முடிந்த அன்று, "கண்ணாடி போட வெச்சிருக்கணும், நான்தான் வுட்டுட்டேன்" என்று என் மடியில் படுத்து அழுதார். என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. குவாரிக்காரங்க பெரிய கொம்ப ஒடச்சி எடுத்துட்டாங்க. அவரு பாத்தது சின்ன கொம்பு."

அண்ணி எழுந்து உட்கார்ந்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

"மாசியில."



"அதுக்கப்புறம் வாராவாரம் இங்க வந்து, அவருகூடதான குந்திக்கினு சாப்ட்ட" என்றார்.