எஸ் சைஸும் ஒன்பது கிளிப்பும்

1. டேப்புக்கு வேலையில்லை

முதல் நாள் வேலைக்குப் போனபோது என் பையில் கத்தரி, இஞ்ச் டேப், ஊசி, நாலு நிறத்தில் நூல்கண்டு எல்லாம் இருந்தன. மந்தைவெளியில் இருபது வருடம் ரவிக்கை தைத்தவள் நான். தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், டிவியில் துணி விற்கும் கம்பெனி ஒன்றுக்கு டெய்லர் தேவை என்றார்கள். மாடல் பெண்களுக்கு அளவு பார்த்துத் திருத்திக் கொடுக்கும் வேலையாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதலாளி பிரகாஷ் சாருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. என் பையைப் பார்த்துச் சிரித்தார்.

"டேப்ப உள்ள வைங்க அமுதாக்கா. இங்க அளவெடுக்கற வேலையே கிடையாது."

ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் பக்கம் தள்ளினார். ஆபீஸில் காகிதக் கட்டுக்குப் போடுவார்களே, அந்தக் கறுப்பு கிளிப்புகள் அதில் நிறைந்திருந்தன.

விஷயம் இதுதான். தைப்பவரிடமிருந்து ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரே ஒரு சாம்பிள்தான் வரும். எந்தப் பெண் வந்தாலும் ஏறவேண்டும் என்பதற்காக அது 'எல்' சைஸில் வரும். மாடல் பெண்களோ ஒல்லி. குர்த்தி அவர்கள் மேல் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கும். நான் பின்னால் நின்று, மிச்சத் துணியை முதுகுப்பக்கம் இழுத்து மடித்து, தோளிலிருந்து இடுப்புவரை கிளிப் போடவேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் உடம்போடு ஒட்டிச் செதுக்கியது மாதிரி இருக்கும். பின்னால் இருந்து பார்த்தால் முள்ளு மீன்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டு குர்த்தி முடித்தேன். "கைராசி அக்கா உங்களுக்கு" என்றார் பிரகாஷ் சார். இருபது வருடத்தில் நான் தைத்த ஒரு ரவிக்கையும் அவ்வளவு நன்றாகப் பொருந்தியதில்லை என்று அன்று எனக்குப் பட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

2. "செத்த திரும்பச் சொல்லுங்கோ"

லோக்கல் சேனலில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் எங்கள் நேரலை. ரேவதி என்ற பெண் பேசுவாள், மாடல் நிற்பாள், பார்ப்பவர்கள் போன் செய்து ஆர்டர் கொடுப்பார்கள். கிளிப் கழன்றால் பிடித்துக்கொள்ள நான் மாடலுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல் குந்தியிருப்பேன்.

ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார் லைனில்.

"அந்தப் பொண்ண செத்த திரும்பச் சொல்லுங்கோ. முதுகு எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

ரேவதி அசரவில்லை. "பின்பக்கமும் அப்படியே முன்பக்கம் மாதிரியேதான் இருக்கும் மேடம்."

"அதத்தான் செத்த காட்டுங்கோளேன்."

அன்றைக்கு நின்ற மாடலுக்கு அது இரண்டாவது நாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கும் பெண். திரும்ப ஆரம்பித்துவிட்டாள். நான் கீழேயிருந்து குர்த்தியின் ஓரத்தை எட்டிப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். பெண் தடுமாறி நின்றாள். பிரகாஷ் சார் கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் ஆட்டினார். திரையில் கோவில் மணியோடு குங்குமப்பூ விளம்பரம் ஓடியது.

விளம்பரம் முடிந்து வந்தபோது மாமி இன்னும் லைனில் இருந்தார்.

"என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு? மயக்கமா? சாப்பிட ஏதாவது குடுங்கோ. எனக்கு அந்த நீலத்துல ஒண்ணு, எங்காத்து மாட்டுப்பொண்ணுக்குப் பச்சைல ஒண்ணு அனுப்பிடுங்கோ."

முதுகைப் பார்க்காமலேயே வாங்கிவிட்டார். பிரகாஷ் சார் அன்று எல்லோருக்கும் போளி வாங்கித்தந்தார். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

3. ஷாலினி

கொஞ்ச வருடத்தில் டிவியில் விற்பனை படுத்துவிட்டது. கம்பெனி அடையாறுக்கு மாறியது. டிவி போய் ஆப் வந்தது. கேமராவும் கிளிப்பும் அப்படியே இருந்தன. கூடுதலாக வந்தது ஒரு வரி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே மாடலின் உயரம் இவ்வளவு, அணிந்திருக்கும் அளவு இது என்று போடவேண்டும்.

அதை அடிப்பவள் நித்யா. கம்ப்யூட்டரைவிட்டு எழுந்திருக்காமல் குரல் கொடுப்பாள்: "அக்கா, சைஸ் என்ன?"

நான் மாடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எஸ்" என்பேன்.

அவள் கேட்டது துணியின் சைஸை. நான் சொன்னது பெண்ணின் சைஸை. பொய் சொல்கிறேன் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மூன்று வருடம் இப்படியே ஓடியது.

மாடல்களில் எனக்கு நெருக்கமானவள் ஷாலினி. நொச்சிக்குப்பத்துப் பெண். அவள் அம்மா பாக்கியம் ரோட்டோரம் மீன் விற்பவர். ஷாலினி சின்ன வயதில் அம்மாவோடு கூடை தூக்கியவள். நல்ல அகலத் தோள். அவள் மேல் எது போட்டாலும் விற்கும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரவேற்புக்கு முதல் நாள் மதியம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் எங்கள் கம்பெனி பார்சல். முகம் அழுது வீங்கியிருந்தது.

"அக்கா, பாதி ஏறி நிக்குதுக்கா. கைய தூக்க முடியல."

பிரித்துப் பார்த்தேன். மாதுளைச் சிவப்பில் தரைவரை வரும் அனார்கலி. இரண்டு மாதம் முன்பு அவளே போட்டு நின்று நாங்கள் படமெடுத்த உடை.

"என்ன சைஸ் போட்டே?"

"எஸ்."

"யார் உன்ன எஸ் போடச் சொன்னது?"

"அதுலதான போட்டுகீது! மாடல் போட்டுகினு இருக்கறது எஸ்ஸுன்னு. அந்த மாடலே நான்தானக்கா!"

"நான் பின்னாடி கிளிப் போட்டது உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். அது மத்த துணிக்கு. இது மட்டும் எனக்குன்னே தெச்ச மாதிரி இருந்துச்சுக்கா. போட்டோவுல அவ்ளோ நல்லா இருந்தேன்."

அன்று அவள் முதுகில் ஒன்பது கிளிப். அடுத்த துணிக்கு நேரமாகிறது என்று அவசரத்தில் ஒன்று சதையைக் கவ்வி, அவள் "ஸ்" என்றதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு நினைவில்லை. அவள் நினைவில் இருந்தது படம்.

அவள் உடம்பு 'எஸ்' என்பது என் கண் சொன்ன கணக்கு. தைத்தவரின் 'எஸ்' பள்ளிக்கூடப் பிள்ளை அளவு. எங்கள் கம்பெனியில் ஒருவரும் அந்த எஸ்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் எல், நான் சொன்னதெல்லாம் எஸ்.

வாசற்படியில் நின்றிருந்த பாக்கியம் இப்போது உள்ளே வந்தார்.

"ஏம்மா, நான் மீனு விக்கிறவ. செவுளத் தூக்கிக் காட்டுனாத்தான் வாங்குவாங்க. திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் பார்ப்பாங்க. நான் காட்டுன மீனத்தான் வெட்டியும் குடுக்கணும். உங்க கடையில இன்னாடான்னா முதுகையே காட்ட மாட்டீங்களாமே? இதுக்கு ஏசி ரூமு வேற."

திட்டவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். நான் தையல் மிஷினின் உறையை எடுத்தேன்.

4. பின்பக்கம்

உடையைப் பிரித்தால் உள்ளே தையலுக்கு விட்டிருந்த துணி அரை விரல்கூட இல்லை. ரவிக்கை தைப்பவர்கள் நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே இரண்டு விரல் விடுவோம். இந்தத் துணி யார் உடம்பையும் எதிர்பார்த்துத் தைத்ததல்ல.

துப்பட்டாவின் ஒரு முனையை வெட்டினேன். இரண்டு அக்குளிலும் சதுரத் துண்டு வைத்துக் கையை உயர்த்த இடம் செய்தேன். முதுகை நடுவில் கீறி, இரண்டு பக்கமும் பட்டி வைத்து, கயிறு கோத்துக் கட்டும்படி விட்டேன். பாக்கியம் கயிறு திரித்துக் கொடுத்தார். வலை பின்னிய விரல். எனக்கு அவ்வளவு சீராக வந்திருக்காது. இருட்டும்முன் முடித்து அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஷாலினி இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிறகு அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மந்தைவெளி மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் அவள் அழகாக இருந்தாள். முன்னாலிருந்து பார்த்தவர்களுக்கு எங்கள் ஆப்பில் வந்த படம் மாதிரியேதான் தெரிந்திருக்கும்.

பிரகாஷ் சார் பரிசோடு வந்தார். உடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பீஸு! ஃபிட்டிங் எப்படி உக்காந்திருக்கு பாத்தீங்களாக்கா? ஷாலினி, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். கஸ்டமர் போட்டோன்னு போடலாம்."

"போடுங்க சார்" என்றாள் ஷாலினி. "ஆனா பின்னாடி இருந்து எடுங்க."

அவர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். முன்னாலிருந்து எடுத்தார்.

ஒரு வாரம் கழித்து ஷாலினி ஆப்பில் ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதினாள்: 'படத்தில் இருப்பது நான். அதில் நான் போட்டிருந்தது எல். எஸ் எனக்கே பத்தவில்லை.' அதற்குக் கம்பெனியிலிருந்து வந்த பதிலை எனக்கு அனுப்பிவைத்தாள்: 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். அடுத்த முறை சரியான அளவைத் தேர்ந்தெடுக்க, மாடல் படத்தையும் அதன் கீழுள்ள விவரத்தையும் கவனமாகப் பார்க்கவும்.'

5. ஒரு வரி போனது

அதன்பிறகு நித்யா சைஸ் கேட்டபோதெல்லாம் நான் கழுத்தின் உள்பக்கம் தைத்திருந்த சைஸ் சீட்டைத் திருப்பிப் படித்து, "எல்" என்று சொன்னேன். அவளும் அதையே அடித்தாள். நாலாவது நாள் பிரகாஷ் சார் கூப்பிட்டார்.

"என்னக்கா, எல்லாத்துக்கும் எல்லுன்னு போட்டிருக்கு? இந்தப் பொண்ணப் பாத்தா எல் மாதிரியா இருக்கு? பாக்கறவங்க குழம்பிடுவாங்க."

"நாம பொண்ண விக்கலியே சார். துணியத்தான விக்கறோம்."

நியாயமான மனிதர், நான் சொன்னது புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் எல்லாப் படத்திலிருந்தும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டார்.

நான் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வரவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் அங்கேயே கிளிப் போட்டேன், பிறகு முழங்கால் வலி என்று நின்றேன். இதை மறைத்து எழுதினால் நானும் முன்பக்கம் மட்டும் காட்டுகிறவள் ஆகிவிடுவேன்.

இப்போது மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஆல்டரேஷன் மட்டும் செய்கிறேன். வருவதில் முக்கால்வாசி ஆன்லைன் துணி. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய குர்த்தி ஒன்றைக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை, பிறகு தோளுக்குத் தோள் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். கடை அந்தத் துணிக்கென்று போட்டிருக்கும் அளவுக் கணக்கோடு அதை ஒப்பிட்டு வாங்குங்கள். அப்படியொரு கணக்கே போடாத கடையை விட்டுவிடுங்கள். மாடல் பெண்ணைப் பார்க்காதீர்கள், பாவம், அவளுக்கும் தெரியாது.

போன மாதம் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் புது குர்த்தியோடு வந்தார். போனில் படத்தைக் காட்டி, "கரெக்டா இந்த மாதிரி டைட்டா வரணும்க்கா" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலாப்பக்கம் துணி பின்னால் இழுபடும் கோடுகள் தெரிந்தன. நாலு, இல்லை ஐந்து கிளிப்.

"இதப் போட்டுக்கிட்டு நிக்கணுமா, உக்காரணுமாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்க்கா! நாள் முழுக்க சீட்டுல இருக்கணுமே."

"அப்ப இந்த மாதிரி வராது" என்றேன். "உங்களுக்குத் தகுந்த மாதிரி தெச்சுத் தரேன்."

டேப்பை எடுத்தேன்.