சேற்றில் நின்றுபோன பூட்ஸ்

எங்களுக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை நிலம். விடிந்ததும் எங்கள் நாய் கறுப்பனோடு போய்ப் பன்றி விரட்டுவது என் வேலை. மழைக்காலத்துக்காக முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் வாங்க நானும் கணவரும் விழுப்புரம் போனோம்.

"என் சைஸே வாங்கிக்கினு போவலாம் மே. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். தொளதொளவென்று இருந்ததால் உள்ளே பழந்துணியை அடைத்துக்கொண்டேன்.

பெருமழைக்கு மறுநாள் பன்றியைத் துரத்திக்கொண்டு கறுப்பன் ஓடையைத் தாண்டினான். பின்னாலேயே நானும் இறங்கினேன். நடு ஓடையில் பூட்ஸின் மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்தது. துணி ஊறி உப்பி என் காலைக் கவ்வியது. சேறு பூட்ஸைக் கவ்வியது. தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. கறுப்பன் திரும்பி ஓடிவந்து கரையில் நின்று ஊளையிட்டான்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் கணவர் ஓடிவந்தார். "ஆடாத மே, கைய குடு!" என்று அவர் இழுத்த இழுப்பில் வலது கால் பூட்ஸோடு வந்தது. இடது கால் வெறுங்காலாக வந்தது.

இப்போது எனக்கென்று தனி பூட்ஸ். கடையிலேயே போட்டு நடந்து, குதிகால் உள்ளே வழுக்காததைப் பார்த்து வாங்கியது. ஓடையில் தண்ணீர் ஓடினால் இறங்குவதே இல்லை, பாலத்தைச் சுற்றிப் போகிறேன்.

கறுப்பன் மட்டும் ஓடைக்கரைக்கு வந்ததும் நின்றுவிடுகிறான். பக்கத்திலேயே நின்று நான் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. என் இடது பூட்ஸ் புதைந்த இடத்துத் தண்ணீரைப் பார்த்து, அன்றைக்கு என்னைப் பார்த்து ஊளையிட்டது போலவே ஊளையிடுகிறான்.