ஒரிஜினல் கார்டு, காப்பி கார்டு

மெமரி கார்டு விற்பவனுக்கு முதலில் தேய்வது நாக்குதான். செங்கம் ரோட்டில் பதினோரு வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து நொந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மூன்று கார்டு

பாட்டு கேட்க மெதுவான கார்டு போதும். வீடியோ எடுக்க வேகமானது வேண்டும். ராப்பகலாக ஓடும் கேமராவுக்கு, திரும்பத் திரும்ப அழித்து எழுதினாலும் தாங்குகிற கார்டு தனியாக இருக்கிறது. மூன்றையும் கண்ணாடி மேல் பரப்பி ஒரு லாட்ஜ்காரருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். வாசல் கேமராவுக்கு அவர் வாங்கிப் போனது பாட்டு கார்டு. இரண்டே மாதத்தில் அது செத்தது. அந்த வாரமே வாசலில் நின்ற பைக் திருடு போனது. நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க அடிச்சு சொல்லியிருந்தா நான் அதையே வாங்கினு போயிருப்பேன்ல?"

அர்ச்சனைத் தட்டு

புதிதாக எது வாங்கினாலும் கோயிலில் வைத்து எடுப்பது ஊர் வழக்கம். ஒரு அம்மா கார்டை அர்ச்சனைத் தட்டில் வைத்து, விபூதி குங்குமத்தோடு அப்படியே போனில் செருகிவிட்டார். போன் கார்டைக் கண்டுகொள்ளவில்லை. அரை மணி நேரம் குனிந்து சுத்தம் செய்து ஓடவைத்தேன்.

"எல்லாம் சாமி புண்ணியங்க. நீங்க இன்னா பண்ணீங்க?"

ஏழுமலை

இனி என் யோக்கியதை. வேங்கிக்காலில் ஒயரிங் வேலை செய்யும் ஏழுமலை, நூற்றிருபத்தெட்டு ஜிபி கார்டு கேட்டு வந்தார். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது. காப்பி கார்டை எடுத்து நீட்டினேன். போனில் நூற்றிருபத்தெட்டு என்றுதான் காட்டும்; எட்டுக்கு மேல் ஒன்றும் நிற்காது. எனக்கு அது தெரியும். அன்றைக்குக் கூட்டம், நாக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த அவர் மனைவி, சாவதற்கு முன் மகளுக்காகப் பேசிய வீடியோக்கள் அதில் இருந்தன. பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன, ஒன்றும் திறக்கவில்லை. தெரிந்த வழியெல்லாம் முயன்றேன். ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. கூச்சத்தோடு ஒரிஜினல் கார்டு ஒன்றைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இதான் நல்லதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எப்படியாவது வாங்கியிருப்பேங்க."

சொன்ன பேச்சைக் கேட்காத லாட்ஜ்காரருக்குக் கால் மணி நேரம், கேட்டிருக்கக்கூடிய ஏழுமலைக்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் என் பதினோரு வருட வியாபார அனுபவம்.