கேட்டில் நிற்கும் அண்ணி

எங்கள் அண்ணிக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. வாசலில் யார் வந்து எதை நீட்டினாலும் வாங்கிவிடுவார். ஒரு சமயம் வீட்டில் ஏழு துடைப்பங்கள் இருந்தன. கேட்டால், "பாவம்டா, வேர்த்து விறுவிறுத்து நின்னான், எப்படித் திருப்பி அனுப்ப?" என்பார். அப்படிப்பட்டவர் காவல் வேலைக்குப் போனார் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கூடவே இருக்கிற கொழுந்தன் நான், எனக்கே வந்தது.

ஆனால் அந்த வேலை வந்த வழி சிரிக்கிற மாதிரி இல்லை. என் அண்ணன் பதினேழு வருடம் ராணுவ முகாமின் கேட்டில் நின்றவர். பட்டாளத்துக்கு ஒதுக்குகிற பணத்தை அரசாங்கம் குறைத்தது. பெரிய அதிகாரிகளின் கார் குறைந்ததா என்றால் இல்லை. கேட்டில் வெயிலில் நிற்கிறவன் தலையில்தான் கை வைத்தார்கள். காவலைத் தனியார் கம்பெனிக்கு விட்டுவிட்டு, அண்ணனை ஒரு நன்றிக் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பெனிக்காரர்கள் முதலில் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். "அதே கேட்டுல இன்னொருத்தன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா? செத்தாலும் மாட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். அக்கம்பக்கத்தில் நீண்ட லீவு என்று சொல்லி வைத்தார். முகாம் இருக்கிற சாலையையே ஒதுக்கினார். மார்க்கெட்டுக்குப் போக அது குறுக்கு வழி. அண்ணனோ ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அண்ணி, ஒருவரிடமும் சொல்லாமல் போய் அந்தக் கம்பெனியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தார். பெண்களைச் சோதனை செய்ய அவர்களுக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. பயிற்சி முடிந்ததும் அவரைப் போட்டது அதே கேட்டில்.

அன்று வீட்டில் நடந்த சண்டையை எழுத மாட்டேன். முடிவில் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போ. ஆனா நீ யார் பொண்டாட்டின்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

அண்ணி சத்தியம் செய்தார். குடும்பத்தை முகாம் பக்கம் அண்ணன் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை என்பதால் அவரை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் கம்பெனியிலும் ஒரு கண்டிப்பு இருந்தது. காவலுக்கு நிற்கிறவரின் சொந்தக்காரர் யாராவது கேட்டுக்கு வந்தால், சூப்பர்வைசர் விசாரித்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தது தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். முதல் மாதம் வேறு, பார்த்துத்தான் நிரந்தரம் செய்வார்கள்.

முதல் வாரம் அண்ணியை வீட்டிலேயே பழக்கினேன். குளியலறைக் கதவுதான் கேட். நான் வெளியாள்.

"பாஸ் எடுத்துட்டு வர மறந்துட்டேங்க" என்றேன்.

"அதனால என்ன தம்பி, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்தினார். "உக்கார வேற வைப்பியா? ஒரு குண்டான் காப்பியும் போட்டுக் குடு! முகாம் உருப்பட்டுடும்!"

தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். முகத்தைப் பார்க்காதே, கையிலிருக்கிற பாஸைப் பார் என்றார். தேதியைப் படி, பிறகு பேசு என்றார். அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் வகுப்பு நடந்தது. அண்ணிக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவையும் அவரே கட்டினார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. இதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு அண்ணன் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அண்ணி மூக்குக்கண்ணாடியை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இல்லாமல் பாஸில் தேதி தெரியாது. அன்று சூப்பர்வைசர் வருகிற நாள். அண்ணன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் ஆட்டோவில் ஏறினார்.

"விடுடா சீக்கிரம்."

"நான் குடுத்துட்டு வரேன், நீங்க இருங்க."

"ஓட்டுறியா இல்லையா?"

கேட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தினேன். என் கையில் கண்ணாடியைக் கொடுப்பார் என்று பார்த்தால், அண்ணன் இறங்கி நேராக நடந்தார். பதினேழு வருடப் பழக்கம். தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து, தன் வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

விசில் சத்தம் கேட்டது. ஊதியவர் அண்ணி.

"நில்லுங்க! பாஸ் எங்க?"

அண்ணன் நின்றுவிட்டார். அண்ணிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் இருந்தார். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த பழைய சகாக்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அட, நம்ம ஆளு!" என்றார்.

சூப்பர்வைசர் அண்ணியைப் பார்த்தார். "யாரும்மா இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

அண்ணி தெரியாது என்றால் வேலை போகும். தெரியும் என்றால் சத்தியம் போகும். சூப்பர்வைசர் மறுபடியும் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து கம்பிக்கு வெளியே வந்து, வெளியாள் நிற்க வேண்டிய கோட்டில் நின்றார்.

"தப்பு என்னோடதுங்க. நோட்டுல எழுதுங்கம்மா" என்று கண்ணாடியை நீட்டினார்.

அண்ணி அதை வாங்கி மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். பெயர் கேட்டார், எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன... என்ன வேலைங்க?"

"முன்னால இந்த கேட்டுல நின்னேன். இப்ப வேலை இல்ல. வீட்டுல சமைக்கிறேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை, எழுதினார்.

"யாரைப் பாக்கணும்?"

"உங்களத்தான்."

"என்ன உறவு?" அதைக் கேட்கும்போது அண்ணியின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அண்ணன் டீ குடிக்கிறவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அணிவகுப்பில் கொடுக்கிற குரலில், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நான் இவங்க வீட்டுக்காரன்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்க வேண்டும். அண்ணி 'கணவர்' என்று எழுதி, நோட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்கினார். சூப்பர்வைசரைப் பார்த்து, "ஆமா சார், என் வீட்டுக்காரர்" என்றார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பினார்.

"பாஸ் இல்லாம உள்ள வரக் கூடாது. வெளியதான் நிக்கணும்."

"சரிங்க" என்றார் அண்ணன்.

நான் ஆட்டோவைக் கிளப்பிக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. அந்தச் சாலையிலேயே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், அண்ணிக்கு வேலை முடிகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.